மணலில் வாழ்பவை நம் எதிரிகள் அல்ல

குடிநீரைப் பற்றி நம்மிடையே ஒரு கருத்து கேள்வி கேட்பாரின்றி நிலைத்திருக்கிறது. நுண்ணுயிர் என்றால் கிருமி, கிருமி என்றால் நோய், ஆகவே நுண்ணுயிரின் சுவடே இல்லாத நீர்தான் நல்ல நீர் என்பது அதன் முதல் பாதி. ஆற்றிலும் ஏரியிலும் இன்று கலந்து கிடக்கும் மருந்து எச்சம், களைக்கொல்லி, பூச்சிக்கொல்லி, சோப்பில் சேரும் கிருமிநாசினி ஆகியவற்றை இயந்திரத்தால் மட்டுமே நீக்க முடியும், அந்த இயந்திரம் நீரைச் சவ்வின் வழியே அழுத்தி வடிக்கும் ஆர்.ஓ. என்பது இரண்டாம் பாதி. கருவி விற்பவரின் விளம்பரம் இதைச் சொல்கிறது. கேன் தண்ணீர் வாங்கும் குடும்பம் இதை நம்புகிறது. நீர்த்துறையில் படித்துத் தேர்ந்தவர்கள் பலரும் இதையே கொஞ்சம் கனமான சொற்களில் சொல்கிறார்கள்.

இரண்டு பாதிகளையும் நான் மறுக்கிறேன். நுண்ணளவு வேதிப்பொருள்களை உண்மையிலேயே உடைத்து இல்லாமலாக்கும் வேலையைக் குறைந்த செலவில், ஒரு நகரம் முழுவதற்கும் செய்யக்கூடியவை மணலிலும் கரியிலும் படிந்து வாழும் நுண்ணுயிர்களே. அவற்றை எதிரி என்று முடிவுகட்டி, சுத்திகரிப்பின் முதல் படியிலேயே குளோரினைக் கொட்டிக் கொல்வது நம் குடிநீருக்கு நாமே இழைக்கும் கேடு.

முதலில் அளவைப் பார்ப்போம். ஒரு கிராம் பொருளை எடுத்து 10 கோடி லிட்டர் நீரில் சீராகக் கலந்தால், லிட்டருக்கு 10 நானோகிராம் இருக்கும். கோடைக்காலத்தில் ஏரித் தண்ணீரில் மண்வாசம் வீசுகிறது என்று மக்கள் புகார் சொல்கிறார்களே, அந்த வாசத்துக்குக் காரணமான ஜியோஸ்மின் என்ற பொருளை மனித மூக்கு ஏறத்தாழ இந்த அளவிலேயே கண்டுகொள்கிறது. மருந்து எச்சங்களும் களைக்கொல்லி எச்சங்களும் லிட்டருக்குச் சில நானோகிராம் முதல் சில மைக்ரோகிராம் வரை ஆறுகளில் காணப்படுகின்றன. இது ஐரோப்பாவின் பிரச்சினை மட்டுமே என்று ஒதுக்க வேண்டாம். சோப்பிலும் பற்பசையிலும் சேர்க்கப்படும் டிரைக்ளோசான், வலிப்பு நோய்க்குத் தரப்படும் கார்பமாசெபின், அழகுப்பொருள்களில் பயன்படும் பாராபென்கள் ஆகியவை காவிரி, வெள்ளாறு, தாமிரபரணி நீரில் இருப்பதைத் தமிழ்நாட்டு ஆய்வாளர்கள் அளந்து 2011-இலேயே வெளியிட்டுவிட்டார்கள். குடிநீருக்கான இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 10500 பூச்சிக்கொல்லிகள் சிலவற்றுக்கு வரம்பு வைக்கிறது. மருந்து எச்சங்களுக்கு அதில் வரம்பே இல்லை.

எதிர்த்தரப்பின் முதல் வாதம் வரலாற்றைச் சாட்சிக்கு அழைக்கிறது. காலராவையும் டைபாய்டையும் ஒழித்தது கிருமியை அழித்ததால்தான், எனவே உயிருள்ள எதையும் நீரில் விட்டுவைக்கலாகாது என்கிறார்கள். குளோரின் கோடிக்கணக்கான உயிர்களைக் காத்தது என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அந்த வரலாற்றை முழுவதுமாகப் படிக்க வேண்டும். 1892-இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் காலரா 8,600 பேருக்கு மேல் பலிகொண்டது. அந்த நகரம் எல்பே ஆற்று நீரை வடிகட்டாமல் குடித்தது. அதை ஒட்டியிருந்த ஆல்டோனா நகரமோ, ஹாம்பர்க்கின் கழிவுநீர் கலந்த பிறகு கீழே வரும் அதே ஆற்று நீரை எடுத்தது. கெட்டுப்போன நீரைக் குடித்த ஆல்டோனாவே பெரிய அளவில் தப்பியது. இரு நகரங்களின் எல்லையாக அமைந்த தெருக்களில், ஹாம்பர்க் குழாய் சென்ற பக்கம் நோய் பரவியது, ஆல்டோனா குழாய் சென்ற பக்கம் பரவவில்லை. பாக்டீரியாவியலாளர் ராபர்ட் கோக் இதை ஆராய்ந்து எழுதினார். அப்போது ஆல்டோனாவில் குளோரின் கிடையாது. இருந்தது மெதுமணல் வடிகட்டி. அந்த வடிகட்டியைக் காரியத்துக்கு உதவும்படி ஆக்குவது அதற்குள் வாழும் நுண்ணுயிர்க் கூட்டம். நுண்ணுயிரை வென்ற கதை என்று இவர்கள் சொல்வதில் பாதி, நுண்ணுயிரைத் துணைக்கு வைத்துக்கொண்டு வென்ற கதை.

அந்த வடிகட்டியை அருகில் சென்று பார்ப்பது நல்லது. 1829-இல் லண்டன் செல்சியில் ஜேம்ஸ் சிம்ப்சன் கட்டியதன் அமைப்பு இன்றும் அப்படியே செல்லுபடியாகிறது. அடியில் சரளை, அதன் மேல் ஏறத்தாழ ஒரு மீட்டர் உயரத்துக்கு நுண்மணல், அதற்கும் மேல் ஒரு மீட்டரளவு நீர். மணிக்குப் 10 முதல் 30 சென்டிமீட்டர் வேகத்தில் நீர் கீழே இறங்கும். புது மணலைப் போட்ட முதல் நாள்களில் வடியும் நீர் நன்றாக இருக்காது. நாள் செல்லச் செல்ல மணலின் மேற்பரப்பில் பழுப்பும் பச்சையுமாக ஒரு வழவழப்பான தோல் படியும். பாக்டீரியா, பாசி, பூஞ்சை, அவற்றை மேய்ந்து வாழும் ஒருசெல் உயிர்கள் எல்லாம் அதில் இருக்கும். அந்தத் தோல் முற்றிய பிறகுதான் நீர் குடிக்கத் தகுந்ததாகிறது. தோல் தடித்து நீர் இறங்குவது குறைந்தால், மேலிருந்து ஒன்றிரண்டு சென்டிமீட்டர் மணலை மட்டும் மண்வெட்டியால் வழித்தெடுப்பார்கள். மறுபடியும் தோல் படியும்வரை வடியும் நீரை ஊருக்கு விட மாட்டார்கள். மணலின் துளைகள் மட்டுமே வேலை செய்கின்றன என்றால், புது மணலல்லவா சிறந்த வடிகட்டியாக இருக்க வேண்டும்? அனுபவம் அதற்கு நேர்மாறாக இருக்கிறது. சென்னைக்கும் இது அந்நியமல்ல. ஜே. டபிள்யூ. மேட்லி என்ற பொறியாளரின் திட்டப்படி 1914-இல் கீழ்ப்பாக்கத்தில் அமைந்த நிலையம், புழல் ஏரியின் நீரை மெதுமணல் வடிகட்டிகளில் வடித்தே நகருக்கு அனுப்பியது.

இரண்டாம் வாதம் அறிவியல் சாயல் கொண்டது என்பதால் பலரை மயக்குகிறது. மருந்து எச்சமோ லிட்டருக்கு நானோகிராம், அதை உண்டு ஒரு பாக்டீரியா எப்படி வாழும், வாழ முடியாதென்றால் எப்படி உடைக்கும் என்று கேட்கிறார்கள். கேள்வி சரியானது. அதற்குள் ஒளிந்திருக்கும் அனுமானம்தான் பிழை. நுண்ணுயிர் அந்த எச்சத்தை மட்டுமே உண்டு வாழ வேண்டும் என்று யார் சொன்னது? ஆற்று நீரில் இலைதழை மக்கியதால் வந்த கரிமப் பொருள் லிட்டருக்குப் பல மில்லிகிராம் இருக்கிறது. அது மருந்து எச்சத்தைப் போலப் பல ஆயிரம் மடங்கு. அம்மோனியாவும் இருக்கிறது. நுண்ணுயிர் வாழ்வது இவற்றை உண்டுதான். இவற்றைச் செரிக்க அது உண்டாக்கும் நொதிகள், வடிவத்தில் ஒத்துவரும் வேறு மூலக்கூறு அருகில் வந்தால் அதையும் வெட்டிவிடுகின்றன. உயிர்வேதியியலில் இதை உடன்வளர்சிதைவு என்கிறார்கள்.

டென்மார்க்கின் நிலத்தடி நீர் நிலையங்கள் இதற்குத் தெளிவான சான்று. அங்கே நிலத்தடி நீரில் மீத்தேன் கரைந்திருக்கும். நீரைக் காற்றில் படவிட்டு மணல் வடிகட்டியில் விடும்போது மீத்தேனை உண்ணும் பாக்டீரியா மணலில் செழிக்கிறது. மீத்தேனை ஆக்சிஜனேற்றும் அந்த ஏற்பாடே பென்டசோன் என்ற களைக்கொல்லியையும் உடைப்பதாக டென்மார்க் ஆய்வாளர்கள் காட்டினார்கள். களைக்கொல்லிக்காக யாரும் தனியாக ஓர் இயந்திரம் வாங்கவில்லை. அம்மோனியாவை ஆக்சிஜனேற்றும் பாக்டீரியாக்களின் நொதியும் கருத்தடை மாத்திரையில் உள்ள எத்தினைல் எஸ்ட்ராடியால் போன்ற மூலக்கூறுகளை மாற்றவல்லது. செறிவு குறைந்தால் உடையும் அளவும் அதே விகிதத்தில் குறையும் என்பது உண்மை. ஆனால் நமக்கு வேண்டியது விழுக்காடு. நூறில் தொண்ணூறு போக வேண்டும் என்றால், அந்த நூறு நானோகிராமா மைக்ரோகிராமா என்பதால் வேலை நின்றுவிடுவதில்லை.

மூன்றாம் வாதம், இவை மனிதன் செய்த மூலக்கூறுகள், இயற்கையில் இவற்றுக்குக் கத்தரிக்கோல் கிடையாது என்பது. இதற்குப் பதில் சொல்ல அட்ரசின் போதும். 1950-களின் இறுதியில் சந்தைக்கு வந்த களைக்கொல்லி அது. நெடுங்காலம் அது மண்ணில் மிக மெதுவாகவே மக்கியது. 1995-இல் அமெரிக்காவின் மின்னசோட்டா ஆய்வாளர்கள், அட்ரசின் கொட்டிக் கிடந்த இடத்து மண்ணிலிருந்து அதை உணவாகக் கொள்ளும் சூடோமோனாஸ் பாக்டீரியா ஒன்றைப் பிரித்தெடுத்ததை அறிவித்தார்கள். அட்ரசினிலிருந்து குளோரினைக் கழற்றும் நொதி அதில் இருந்தது. மெலமினை உடைக்கும் வேறொரு நொதியோடு அதை ஒப்பிட்டபோது, 475 அமினோ அமிலங்களில் 9 மட்டுமே வேறுபட்டன. மனிதன் புதிய மூலக்கூறை உருவாக்கிய சில பத்தாண்டுகளுக்குள், இருந்த கருவியைச் சற்றே திருத்திப் புதிய கருவியை ஆக்கிக்கொண்டது பாக்டீரியா.

இன்னும் அண்மைச் செய்தி செயற்கை இனிப்பான அசிசல்ஃபேம் பற்றியது. 2009 வாக்கில், நுண்ணுயிரால் எட்டிப்பார்க்கவும் முடியாத பொருள் என்று அதைக் கருதினார்கள். நிலத்தடி நீரில் கழிவுநீர் கலந்ததா என்று அறிய அதையே அடையாளமாகப் பயன்படுத்தினார்கள். 2010-களின் நடுப்பகுதியில் ஜெர்மனியின் கழிவுநீர் நிலையங்கள் பலவற்றில் அதன் பெரும்பகுதி உடைந்து போவதைக் கண்டார்கள். அதை உடைக்கும் பாக்டீரியாக்களையும் அவற்றின் மரபணுக்களையும் பின்னர் அடையாளம் கண்டார்கள். ஒரு மூலக்கூறு மக்காது என்று இன்று எழுதிவைக்கும் தீர்ப்பு பத்தாண்டு தாங்கும் என்பதற்கு உறுதி இல்லை.

இயற்கையே செய்யும் நஞ்சுக்கும் இதே கதைதான். ஏரியில் நீலப்பச்சைப் பாசி பெருகினால் மைக்ரோசிஸ்டின் என்ற கல்லீரல் நஞ்சு நீரில் கலக்கும். 1996-இல் பிரேசிலின் கருவாரு நகரில் சிறுநீரக நோயாளிகளின் டயாலிசிஸ் நீரில் அது கலந்து 50-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மைக்ரோசிஸ்டின்-எல்.ஆருக்கு உலக சுகாதார நிறுவனம் வைத்த வரம்பு லிட்டருக்கு ஒரு மைக்ரோகிராம். வளையமாக மூடிய மூலக்கூறு அது. கொதிக்க வைத்தாலும் எளிதில் உடையாது. அதே 1996-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் ஸ்ஃபிங்கோமோனாஸ் பாக்டீரியா ஒன்று அந்த வளையத்தை ஓரிடத்தில் வெட்டித் திறப்பதைக் காட்டினார்கள். அந்த ஒரு வெட்டிலேயே நஞ்சின் வீரியம் நூறு மடங்குக்கும் மேல் குறைந்துவிடுகிறது. அடுத்தடுத்த நொதிகள் மிச்சத்தைத் துண்டாடுகின்றன. இப்போது நம் நிலையங்கள் பலவற்றில் நடக்கும் முன்குளோரினேற்றத்தை நினைத்துப் பாருங்கள். பாசி படர்ந்த ஏரி நீரில் எடுத்த எடுப்பிலேயே குளோரினைக் கலந்தால் பாசியின் செல் வெடித்து, உள்ளே அடைந்திருந்த நஞ்சும் மண்வாசமும் நீருக்குள் கொட்டும். அதே குளோரின் அடுத்து வடிகட்டிக்குள் இறங்கி, அந்த நஞ்சை உடைக்கக்கூடிய பாக்டீரியாவையும் கொல்லும். ஒரே செயலில் இரட்டை இழப்பு.

நான்காம் வாதமே மக்கள் மனதில் ஆழமாக வேரூன்றியது. ஆர்.ஓ. எல்லாவற்றையும் நீக்கிவிடும்போது இந்தப் பாக்டீரியாப் பேச்சு எதற்கு? முதலில், ஆர்.ஓ. எதையும் அழிப்பதில்லை. சவ்வின் ஒரு பக்கம் இருந்ததை மறுபக்கம் போகாமல் தடுக்கிறது, அவ்வளவுதான். தடுக்கப்பட்ட மருந்தும் களைக்கொல்லியும் முன்பைவிட அடர்த்தியாகக் கழிவு நீரில் சேர்ந்து சாக்கடைக்குப் போகின்றன. வீட்டைப் பெருக்கிக் குப்பையைப் பக்கத்து வீட்டு வாசலில் தள்ளும் சுத்தம் இது. அந்தச் சாக்கடை போய்ச் சேரும் ஆற்றிலிருந்துதான் கீழே உள்ள ஊர் குடிக்கிறது. வீட்டுக் கருவிகள் பலவற்றில் ஒரு லிட்டர் நீருக்கு இரண்டு மூன்று லிட்டர் வீணாகிறது. கால்சியமும் மெக்னீசியமும் சேர்ந்தே போகின்றன. இவற்றையெல்லாம் கருதித்தான் 2019-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், கரைந்த திடப்பொருள்களின் மொத்த அளவான டி.டி.எஸ். லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குக் குறைவாக உள்ள இடங்களில் ஆர்.ஓ. கருவிகளைத் தடை செய்யும்படி மத்திய அரசுக்கு உத்தரவிட்டது.

இரண்டாவதாக, ஆர்.ஓ. எல்லாவற்றையும் தடுப்பதும் இல்லை. மின்னேற்றம் இல்லாத மிகச் சிறிய மூலக்கூறுகள் சவ்வின் வழியே நழுவிவிடும். புற்றுநோய் அச்சம் உள்ள என்.டி.எம்.ஏ. அவற்றில் ஒன்று. கலிபோர்னியாவின் ஆரஞ்சு கவுண்டியில் கழிவுநீரைக் குடிநீராக மீட்கும் பெருநிலையம் 2008 முதல் இயங்குகிறது. அங்கே ஆர்.ஓ.வைத் தாண்டி வந்த நீரை மறுபடியும் புற ஊதா ஒளியிலும் ஹைட்ரஜன் பெராக்சைடிலும் செலுத்துகிறார்கள். நழுவி வரும் இத்தகைய மூலக்கூறுகளே அதற்கு முக்கியக் காரணம். கடல்நீரைக் குடிநீராக்க ஆர்.ஓ. தேவை. உவர்நீர்க் கிணற்றை மட்டுமே நம்பியிருக்கும் ஊருக்கும் தேவை. உப்பை எந்தப் பாக்டீரியாவும் உண்ணாது. ஆனால் உப்புக்காக உண்டான கருவியை, உப்பு அதிகமில்லாத ஆற்று நீரில் மருந்து எச்சத்தைக் காட்டிப் பயமுறுத்தி விற்பது வேறு விஷயம்.

ஆய்வகத்தில் நடப்பது ஊருக்கு உதவுமா என்று கேட்பவர்களுக்கு ஜெர்மனியின் ரூர் ஆற்றங்கரையைக் காட்டுவேன். தொழிற்சாலைகள் நெருங்கிய பகுதி அது. முல்ஹைம் நகரின் டோனே குடிநீர் நிலையத்தில், ஆற்று நீரில் இருந்த அம்மோனியாவைத் தீர்க்க எடுத்தவுடனேயே ஏராளமாகக் குளோரின் கலந்துவந்தார்கள். 1974-இல் ரோட்டர்டாம் நகரின் வேதியியலாளர் யோஹானஸ் ரூக், நீரிலுள்ள இயற்கைக் கரிமப் பொருளோடு குளோரின் வினைபுரிந்து குளோரோஃபார்ம் போன்ற டிரைஹாலோமீத்தேன்களை உண்டாக்குகிறது என்று நிறுவினார். பின்னர் 1979-இல் அமெரிக்கா இவற்றுக்கு லிட்டருக்கு 0.10 மில்லிகிராம் என்று வரம்பு விதித்தது. சுத்தப்படுத்தச் சேர்த்த பொருளே புதிய மாசைப் பிறப்பித்தது என்ற செய்தி உலகின் நீர் நிலையங்களை உலுக்கியது.

முல்ஹைம் 1977-இல் முன்குளோரினேற்றத்தை நிறுத்திவிட்டு ஓசோனுக்கு மாறியது. ஓசோன், உடைக்கக் கடினமான பெரிய மூலக்கூறுகளைச் சிறு துண்டுகளாக்கி, நீரில் ஆக்சிஜனையும் நிரப்பும். அடுத்து வந்த வடிகட்டிக்கும் ஆக்டிவேட்டட் கார்பன் கரிப்படுகைக்கும் குளோரின் போகாததால், அங்கே பாக்டீரியா குடியேறியது. குளோரின் தீர்த்துவந்த அம்மோனியாவை இப்போது பாக்டீரியா தீர்த்தது. கரைந்திருந்த கரிமப் பொருள் முன்பைவிட அதிகமாக நீங்கியது. கரியைச் சூளையில் இட்டுப் புதுப்பிக்க வேண்டிய இடைவெளியும் நீண்டது. கார்ல்ஸ்ரூவே நகரின் ஹைன்ரிஷ் சோன்ட்ஹைமரும் கூட்டாளிகளும் 1978-இல் இதை உலகுக்கு எழுதிக் காட்டினார்கள். கரி வெறுமனே ஒட்டவைத்துக்கொள்ளும் பொருள், நிறைந்ததும் தூக்கி எறிய வேண்டியதுதான் என்ற எண்ணம் அங்கே தகர்ந்தது. ஒட்டும் இடம் நிரம்பிய பிறகும், கரியின் துளைகளில் வாழும் உயிர்கள் வேலையைத் தொடர்கின்றன.

ஆம்ஸ்டர்டாம் இன்னும் ஒரு படி மேலே சென்றது. 1957 முதல் ரைன் நீரைக் கடலோர மணற்குன்றுகளில் இறக்கி, வாரக்கணக்கில் மணலுக்குள் ஊறவிட்டு எடுக்கிறார்கள். பிறகு ஓசோன், இப்படிப் பாக்டீரியா வாழும் உயிர்க்கரிப்படுகை, கடைசியாக மெதுமணல் வடிகட்டி. ஊருக்குப் போகும் நீரில் குளோரின் இல்லை. 2005-க்குப் பிறகு நெதர்லாந்தின் எந்த நிலையமும் வழக்கமான சுத்திகரிப்பில் குளோரினைச் சேர்ப்பதில்லை. பெர்லினோ தன் குடிநீரில் பாதிக்கு மேல் ஏரி, ஆற்றுக் கரைகளின் மணலுக்குள் கசிந்து வந்த நீராகக் கிணறுகளில் எடுக்கிறது. சுத்திகரித்த கழிவுநீர் வந்து சேரும் டேகல் ஏரியும் அதில் ஒன்று. மாதக்கணக்கில் மணலுக்குள் நடந்துவரும் அந்த நீரில் வலிநிவாரணி இபுப்ரோஃபென் போன்றவை பெரும்பாலும் மறைந்துவிடுகின்றன.

பெரும்பாலும் என்றேன், எல்லாம் என்று சொல்லவில்லை. ஐந்தாம் வாதத்துக்கு இங்கேயே வருகிறேன். உயிரியல் முறை நிச்சயமற்றது, பாதியில் நின்றுவிடும், மிச்சம் எதுவாக மாறும் என்று தெரியாது என்கிறார்கள். இதில் உண்மை உண்டு, அதை மறைப்பவன் நல்ல வாதி அல்ல. கார்பமாசெபின் பெர்லின் மணலையும் கடந்து வருகிறது. பிஃபாஸ் எனப்படும் ஃபுளோரின் சேர்மங்களின் முன் நாம் அறிந்த பாக்டீரியாக்கள் ஏறத்தாழக் கையறு நிலையில்தான் இருக்கின்றன. டைக்ளோபெனில் என்ற களைக்கொல்லியை டென்மார்க் 1997-இல் தடை செய்தும், அதன் எச்சமான பி.ஏ.எம். நிலத்தடி நீரில் தேங்கிப் பல கிணறுகளை மூட வைத்தது. அதை உண்ணும் அமினோபாக்டர் பாக்டீரியாவை மணல் வடிகட்டியில் விதைத்துப் பார்த்தார்கள். முதலில் எச்சம் லிட்டருக்கு 0.1 மைக்ரோகிராம் வரம்புக்குக் கீழே இறங்கியது. சில வாரங்களில் பாக்டீரியா குறைந்து வேலை நின்றது. உணவுப் பற்றாக்குறையும், ஒருசெல் உயிர்களின் மேய்ச்சலும், வடிகட்டியைக் கழுவ நீரை எதிர்த்திசையில் செலுத்தும் பேக்வாஷில் அடித்துச் செல்லப்படுவதும் அதைத் தேய்த்தன. உடைந்த துண்டு தீங்காவதும் உண்டு. டோலைல்ஃபுளுவானிட் என்ற பூஞ்சைக்கொல்லியை மண்ணின் நுண்ணுயிர் ஒரு சிறு மூலக்கூறாக மாற்றுகிறது. அதன் மேல் ஓசோன் பட்டால் என்.டி.எம்.ஏ. உண்டாவதை ஜெர்மன் ஆய்வாளர்கள் 2008-இல் காட்டினார்கள்.

இந்தக் குறைகள் எதைச் சொல்கின்றன? எந்த ஒரு முறையும் தனியே போதாது, எதையும் அளந்தறியாமல் நம்பலாகாது என்று சொல்கின்றன. இது குளோரினுக்கும் பொருந்தும், ஓசோனுக்கும் பொருந்தும், சவ்வுக்கும் பொருந்தும். குளோரின் குளோரோஃபார்மை உண்டாக்கியது என்பதற்காகக் குளோரினையே ஒழிக்கச் சொன்னவர்கள் உண்டா? வரம்பு வைத்தோம், அளந்தோம், பயன்படுத்தும் இடத்தை மாற்றினோம். அதே நியாயத்தைப் பாக்டீரியாவுக்கு மட்டும் ஏன் மறுக்க வேண்டும்? டென்மார்க்கில் விதைத்த பாக்டீரியா பட்டினியால் தேய்ந்தபோது ஆய்வாளர்கள் கைவிடவில்லை. சவ்வு ஒதுக்கித்தள்ளும் அடர்கழிவில் எச்சமும் உணவும் அதிகம் என்பதால், அதை அந்தப் பாக்டீரியா உள்ள மணலில் செலுத்திப் பார்த்தார்கள். சவ்வு திரட்டித் தந்ததைப் பாக்டீரியா உடைத்தது. சண்டை நம் மனதில்தான் இருக்கிறது, நீரில் இல்லை.

நம் ஊர் நிலைமை வேறு, குழாயில் விட்டுவிட்டு வரும் நீரில் சாக்கடை கலந்துவிடும், நெதர்லாந்தின் கதை இங்கே ஆகாது என்றும் சொல்வார்கள். ஒப்புக்கொள்கிறேன். ஓட்டைக் குழாயும் இடைவெளி விட்ட விநியோகமும் இருக்கும்வரை குளோரின் நமக்குக் கட்டாயம் வேண்டும். அதன் இடம் எது என்பதே கேள்வி. வடிகட்டிக்குப் பின்னால், நீர் ஊருக்குப் புறப்படும் வாசலில் அது நிற்கட்டும். வடிகட்டிக்கு முன்னால் நிற்க வேண்டாம். அங்கே நின்றால் நம் வேலையாள்களைத்தான் கொல்லும். உண்மையில், கரிமப் பொருளை வடிகட்டியே உண்டு தீர்த்துவிட்டால் கடைசியில் வேண்டிய குளோரினும் குறையும், டிரைஹாலோமீத்தேனும் குறையும், குழாயில் நோய்க்கிருமி வளர்வதற்கான தீனியும் குறையும். நம் நாட்டுக்கென்று ஒரு சாதகமும் இருக்கிறது. ஐரோப்பாவின் குளிர்காலத்தில் இந்த உயிர்கள் சோர்ந்துவிடும். நம் நீர் ஆண்டின் பெரும்பகுதி வெதுவெதுப்பாகவே இருப்பதால், ஆக்சிஜன் தீராமல் பார்த்துக்கொண்டால் போதும், அவை ஓய்வதில்லை.

இதில் நம்மை நேராகத் தொடும் செய்தி ஒன்று உண்டு. தமிழ்நாட்டின் கூட்டுக் குடிநீர்த் திட்டங்கள் பல, காவிரி, கொள்ளிடம், பாலாறு, வைகை, தாமிரபரணி ஆற்றுப் படுகைகளில் இறக்கிய உறைகிணறுகளையும் நீர்சேகரிப்புக் கிணறுகளையும் நம்பி இருக்கின்றன. ஆற்று நீர் பல மீட்டர் மணலுக்குள் நடந்து அந்தக் கிணற்றை அடைகிறது. பெர்லின் பெருமையோடு பேசும் அதே கரைவழி வடிகட்டல்தான் இது. கோடையில் ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டிக் குடத்தில் தெளிந்த நீர் மொண்ட நம் பெண்களும் இதைத்தான் பயன்படுத்தினார்கள். மணலை அள்ளிவிட்டால் வெறும் மணல் போகவில்லை. நுண்ணளவு நஞ்சை உடைக்கும் பரப்பு போகிறது, நீர் மணலுக்குள் கழிக்கும் நாள்கள் குறைகின்றன, அந்த மணலைப் பற்றி வாழ்ந்த உயிர்க்கூட்டம் லாரியில் ஏறிப் போகிறது. ஆற்றில் மணலை அள்ளவிட்டு, பிறகு வீடுதோறும் ஆர்.ஓ. வாங்கச் சொல்லும் சமூகம் இலவசமாகக் கிடைத்த சுத்திகரிப்பு நிலையத்தை விற்றுவிட்டுக் காசு கொடுத்துக் கருவி வாங்குகிறது. அந்தக் கருவியை வாங்க இயலாதவர்கள் நஞ்சோடு விடப்படுகிறார்கள். எனக்கு இதில் பொறுக்க முடியாதது இதுதான். ஆர்.ஓ. பணம் கொடுத்தவரின் டம்ளரை மட்டும் காக்கும். வடிகட்டியில் வாழும் உயிர்கள் ஊர் முழுவதையும் காக்கும்.

ஆகவே செய்ய வேண்டியவை தெளிவானவை. தேவையின்றி முன்குளோரினேற்றம் செய்வதை நிறுத்த வேண்டும். வடிகட்டிகளைக் குளோரின் கலந்த நீரால் பேக்வாஷ் செய்யும் வழக்கத்தைக் கைவிட வேண்டும். புதிய நிலையங்களில் ஓசோனும் உயிர்க்கரிப்படுகையும் இடம்பெற வேண்டும். சிற்றூர்களுக்கு, நிலம் கிடைக்கும் இடங்களில், மெதுமணல் வடிகட்டியே முதல் தேர்வாக இருக்க வேண்டும். மருந்து எச்சங்களுக்குத் தரநிலையில் வரம்பு வேண்டும், ஆறுகளிலும் வடிகட்டியின் இரு பக்கமும் அவற்றை ஒழுங்காக அளந்து மக்களுக்கு வெளியிட வேண்டும். குடிநீர்க் கிணறுகள் உள்ள ஆற்றுப் படுகைகளில் ஒரு கூடை மணலும் அள்ளக் கூடாது.

உங்கள் ஊருக்குக் குடிநீர் எங்கிருந்து வருகிறது, எந்த வடிகட்டியைக் கடந்து வருகிறது, குளோரின் அதற்கு முன்பா பின்பா சேர்கிறது என்று உள்ளாட்சியிடம் கேளுங்கள். எழுத்தில் பதில் கேளுங்கள். கருவி வாங்குவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி இது. நீரைக் கொல்லாமல் சுத்தப்படுத்தும் வழி இருக்கும்போது, அதை அறியாமல் இருப்பது இனி மன்னிக்கத்தக்கதல்ல.